கிடங்குகளில் அடுப்பேற்றிய மனிதர்

மாநகரங்களை உருவாக்கியவர்கள் யாவர் என்று கேட்டால், மன்னர்களின் பெயர்களையும் பெரும் பொறியாளர்களின் பெயர்களையும் அடுக்குவது நம் வழக்கம். பூட்டிக் கிடந்த கிடங்குகளில் அடுப்பேற்றி, அதனாலேயே ஒரு மாநகரின் சட்டத்தைத் திருத்த வைத்த ஒருவரைப் பற்றி நான் இங்கே எழுத முற்படுகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் மச்சூனஸ். கலை வரலாறு பயிலும் நண்பர்கள் அவரை ஃபிளக்சஸ் என்னும் கலை இயக்கத்தைத் தோற்றுவித்தவராக அறிந்திருக்கலாம். பொருளியல் மாணவனாகிய எனக்கு அவர் வேறொரு வாயில் வழியாக அறிமுகமானார்.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில் விடுதியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கடைவீதியில் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் நண்பர்கள் மூவராகத் தங்கினோம். அங்கேதான் சமைத்தோம், உறங்கினோம், தேர்வுக்குப் படித்தோம். ஆனால் அது வணிக இடமாம். மின்கட்டணம் வணிக வீதத்தில் வந்தது. முகவரிச் சான்று கேட்டுப் போனால், ஏட்டில் அப்படியொரு வீடே இல்லை என்றார்கள். நாங்கள் மூவரும் காகிதத்தின்படி அந்த ஓராண்டு எங்குமே வாழவில்லை! இரண்டாம் ஆண்டில் நிலப் பயன்பாட்டுப் பகுதிகள் பற்றிய பாடம் வந்தபோது, பேராசிரியர் ஒரு ஐந்து நிமிடம் பாடத்தை நிறுத்தி மச்சூனஸின் கதையைச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தை நூலகத்தில் உட்கார்ந்து நான் விரித்துக் கொண்டதே இக்கட்டுரை.

மச்சூனஸ் 1931ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் லித்துவேனியா நாட்டின் கௌனஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பொறியியலும் கட்டடக் கலையும் அறிந்தவர். இரண்டாம் உலகப் போர் அக்குடும்பத்தை வேரோடு பிடுங்கியது. 1944இல் சோவியத் படைகள் நெருங்கி வர, அவர்கள் ஜெர்மனிக்கு ஓடினர். 1948இல் அங்கிருந்து அமெரிக்கா சென்று குடியேறினர். பதினேழு வயதை எட்டுவதற்குள் மூன்று நாடுகளில் கூரை தேடியவர் அவர். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் ஓவியமும் வரைகலையும் கட்டடக் கலையும் பயின்றார். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் 1954இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு. பத்து ஆண்டுகளுக்கு மேல் மாணவராகவே காலம் கழித்த இவரை நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. வரலாற்றையெல்லாம் மடித்து விரிக்கும் பெரிய அட்டவணைகளாக வரைந்தார். பெரிய கட்டட நிறுவனங்களில் பணிபுரிந்தார். குறைந்த செலவில் வீடு கட்டுவதற்கான முன்னமைப்புக் கட்டட முறை ஒன்றையும் வகுத்தார். சிறுவயது முதல் கடுமையான ஆஸ்துமா நோய் வேறு அவரை வாட்டியது.

1961இல் நியூயார்க்கில் ஒரு சிறு ஓவியக்கூடம் நடத்திக் கடனாளியானார். ஜெர்மனிக்குப் போய் அமெரிக்க விமானப் படையில் வரைகலைஞராக வேலை பார்த்துக்கொண்டே, 1962 செப்டம்பரில் வீஸ்பாடன் நகரில் ஃபிளக்சஸ் விழாவை நடத்தினார். கலை என்பது பணக்காரர் வாங்கிப் பூட்டி வைக்கும் பொருளாக இருத்தல் ஆகாது, எவரும் செய்யக்கூடியதாகவும் மலிவாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. யோக்கோ ஓனோ, கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் போன்றோர் அதில் பங்கு கொண்டனர். அந்த விழாக்களில் நடந்த கூத்துகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். என் பொருள் அதுவன்று. ஆகவே மேலே செல்கிறேன்.

1963இல் நியூயார்க் திரும்பிய மச்சூனஸ் கனால் தெருவில் குடியேறினார். அங்கே அவர் கண்ட காட்சியை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்நகரின் நிலச் சட்டத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒரு நகரை வீட்டுப் பகுதி, வணிகப் பகுதி, தொழிற் பகுதி என்று கோடு போட்டுப் பிரிக்கும் முறையை நியூயார்க் நகரம் 1916இல் மேற்கொண்டது. அமெரிக்காவில் ஒரு முழு நகரத்துக்கும் இத்தகைய விதிகள் வந்தது அதுவே முதன்முறை. ஐந்தாம் அவென்யூவின் பெருங்கடைக்காரர்கள் தையல் தொழிற்சாலைகள் தம் பக்கம் வரக்கூடாது என்று கிளர்ச்சி செய்ததும், வானளாவிய கட்டடங்கள் தெருவின் வெளிச்சத்தை மறைத்ததும் அதற்குக் காரணங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1916ஆம் ஆண்டு விதிகளில் வீட்டுப் பகுதியில் தொழிற்சாலை வரக்கூடாதே தவிர, வணிகப் பகுதியில் மக்கள் குடியிருக்கத் தடை இருக்கவில்லை. 1961இல் விதிகளை முழுவதும் மாற்றி எழுதியபோதுதான் கதவு மறுபக்கமும் அடைக்கப்பட்டது. தொழிற் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் புதிதாக எவரும் வீடு அமைத்து வாழக் கூடாது என்றாயிற்று.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இயந்திரம் ஓடும் இடத்தில் குழந்தைகள் வளர்வது நல்லதன்று. மற்றொரு காரணமும் உண்டு. அது பொருளியல் மாணவர்கள் அறிய வேண்டியது. குடியிருக்க வருபவன் தரும் வாடகை, சிறு தொழில் நடத்துபவன் தரும் வாடகையைவிட அதிகம். இரண்டையும் ஒரே சந்தையில் விட்டால் தொழில் வெளியேறிவிடும். அதை நம்பிய கூலியாளும் வேலையிழப்பான். ஹௌஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதியைச் செஸ்டர் ராப்கின் என்னும் திட்ட அறிஞர் 1963இல் ஆராய்ந்தார். அங்கிருந்த சிறு தொழில்கள் கறுப்பின மக்களுக்கும் புவர்ட்டோ ரிக்கோ மக்களுக்கும் வேலை தருகின்றன, எனவே அவற்றை இடித்துத் தள்ளக் கூடாது என்று எடுத்துரைத்தார். அந்த ஆய்வு அப்பகுதியின் கட்டடங்களைக் காப்பாற்றியது. தொழில்களைக் காப்பாற்ற முடியவில்லை.

ஏன்? அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள். ஐந்து, ஆறு தளங்கள். மெல்ல நகரும் சரக்குத் தூக்கிகள். பெரிய லாரி திரும்ப முடியாத குறுகிய தெருக்கள். நகருக்கு வெளியே ஒரே தளத்தில் பரந்த தொழிற்கூடம் கட்டிக்கொள்ள முடியும்போது முதலாளி ஏன் இங்கே இருப்பான்? போதாக்குறைக்கு, இப்பகுதியின் குறுக்கே ஒரு விரைவுப் பெருஞ்சாலை போடும் திட்டம் பல ஆண்டுகளாக வாளாகத் தொங்கியது. நாளை இடிக்கப் போகும் கட்டடத்துக்கு இன்று யார் வண்ணம் பூசுவார்? 1969இல்தான் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் தளம் தளமாகக் காலியாகிவிட்டது. அடிக்கடி தீப்பற்றியதால் நரகத்தின் நூறு ஏக்கர் என்று தீயணைப்புப் படையினர் அப்பகுதிக்குப் பெயரிட்டிருந்தனர். நூறாண்டுக்கு முன் பெருங்கடைகள் இருந்த வீதி அது!

இந்தக் காலித் தளங்களில் ஓவியர்களும் சிற்பிகளும் வந்து புகுந்தனர். உயர்ந்த கூரை, பெரிய சாளரம், குறைந்த வாடகை. வேலைக்கூடம் என்று சொல்லித்தான் வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் இரண்டு இடத்துக்கு வாடகை தர எவரிடம் பணம் இருந்தது? அங்கேயே வாழ்ந்தார்கள். ஆய்வாளர் வருகிறார் என்றால் படுக்கையைச் சுருட்டி மறைப்பார்கள். இரவில் விளக்கொளி தெருவில் தெரியாதிருக்கக் கனத்த திரை போடுவார்கள். வீட்டுக் குப்பை வாசலில் கிடந்தால் குடியிருப்பது வெளிப்பட்டுவிடும் என்று, அதைப் பொட்டலமாக்கி வேறு தெருவுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். மாலை ஐந்து மணிக்குக் கட்டடத்தின் வெப்பக் கொதிகலன் நின்றுவிடும். பனிக்காலத்தில் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான். இதைப் படித்தபோது எனக்கு மண்டி மாடி நினைவுக்கு வந்ததை மறைப்பானேன். பனிக்குப் பதில் எங்களுக்கு வெங்காய நெடி.

1961இல் கலைஞர்கள் ஒன்றுகூடிப் போராடியதன் பயனாக மாநகராட்சி சிறிது இறங்கி வந்தது. உள்ளே ஆள் இருப்பது தீ விபத்தின்போது தெரிய வேண்டும் என்பதற்காக, கலைஞர் எந்தத் தளத்தில் வாழ்கிறார் என்று கட்டடத்தின் வெளியே பலகை மாட்டினால் விட்டுவிடுவதாக இணங்கியது. விதிகளோ கடுமை, அவற்றை நிறைவேற்றி முறையாகக் குடியேறியவர்கள் மிகச் சிலர்.

இங்கேதான் மச்சூனஸ் நுழைகிறார். மற்றவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடத்தில் அவர் கட்டடத்தையே வாங்கிவிட எண்ணினார். வாடகைக்கு இருப்பவன் இடத்தைச் சீர்செய்து முடித்ததும் உரிமையாளர் அவனை வெளியேற்றி அதிக வாடகைக்கு விட்டுவிடுவார். ஆகவே கலைஞர்கள் பத்துப் பேர் கூட்டுறவாகச் சேர்ந்து கட்டடத்தை வாங்க வேண்டும். கட்டடம் சங்கத்தின் உடைமை. ஒவ்வொருவரும் பங்கு வாங்கி ஒரு தளத்தை நீண்டகாலக் குத்தகையாகப் பெற வேண்டும். மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். தச்சு வேலை, குழாய் வேலை, மின்வேலை எல்லாவற்றையும் மொத்தமாக ஒப்பந்தம் விட்டால் செலவு குறையும். இதுவே அவர் வகுத்த ஃபிளக்ஸ் இல்லத் திட்டம். 1967இல் வூஸ்டர் தெரு 80ஆம் எண் கட்டடம் இம்முறையில் வாங்கப்பட்டது. ஜே. எம். காப்லன் அறநிதி தொடக்கத்தில் கைகொடுத்தது.

அந்த 80ஆம் எண் கட்டடத்தில் என்னென்ன நடந்தன! தரைத் தளத்தில் மச்சூனஸின் நாட்டவரான ஜோனாஸ் மேக்கஸ் திரைப்பட அரங்கு நடத்தினார். 1970இல் நடனக் கலைஞர் திரிஷா பிரௌன் அமைத்த ஒரு நிகழ்ச்சியில், ஒரு மனிதர் இடுப்பில் கட்டிய கயிற்றின் துணையால் கூரையிலிருந்து அக்கட்டடத்தின் வெளிச்சுவரில் செங்குத்தாகக் கீழே நடந்து வந்தார். மேல்தளங்களில் குடும்பங்கள் வாழ்ந்தன. இத்தனைக்கும் காரணமானவர் அடித்தளத்தில் இருந்தார். நல்ல வெளிச்சமுள்ள மேல்தளம் ஒன்றைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ள அவருக்கு யார் தடை? செய்யவில்லை.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் பதினைந்து கட்டடங்கள் அளவில் இப்படி உருவாயின. அவை அனைத்தும் சட்டப்படி குடியிருக்கக் கூடாத கட்டடங்கள் என்பதை மறக்க வேண்டாம். பங்கு வாங்கியவன் வைத்திருந்தது உண்மையில் ஒரு துணிச்சலின் பத்திரம். ஆனால் ஒருவன் இருவன் ஒளிந்திருந்தால் வெளியேற்றலாம். கட்டடம் கட்டடமாக உரிமையாளர்களே குடியிருந்தால் மாநகராட்சி என்ன செய்யும்? கலைஞர் சங்கங்கள் வாதாடின. 1971 ஜனவரியில் நிலப் பயன்பாட்டு விதி திருத்தப்பட்டது. அப்பகுதியின் சிறிய கட்டடங்களில், நகரின் சான்று பெற்ற கலைஞர்கள் வேலைக்கூடத்தோடு சேர்த்து வாழலாம் என்றாயிற்று. பெரிய தளங்கள் தொழிலுக்கே என்று விடப்பட்டன. ஹௌஸ்டனுக்குத் தெற்கே என்பதன் சுருக்கமாகச் சோஹோ என்ற பெயரும் நிலைத்தது. 1973இல் அது வரலாற்றுச் சின்னப் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது.

மச்சூனஸை ஒரு புனிதராக்கி விட எனக்கு விருப்பமில்லை. கணக்கு வழக்கில் அவர் மோசம். ஒரு கட்டடத்துக்கு வாங்கிய முன்பணத்தை இன்னொரு கட்டடத்தின் அவசரத்துக்குச் செலவிடுவார். தம் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை என்பது உண்மை; ஆனால் பணம் கட்டிவிட்டுக் குளியலறை எப்போது வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவனுக்கு அது ஆறுதலாகுமா? கூட்டுறவுப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்குமுன் திட்ட விவரத்தை மாநிலத் தலைமை வழக்குரைஞரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது நியூயார்க் சட்டம். வாங்குபவன் ஏமாறாதிருக்க வந்த நல்ல சட்டம் அது. மச்சூனஸ் அதைச் சட்டை செய்யவில்லை. வழக்கு வந்தது. அவர் அதையும் ஒரு ஃபிளக்சஸ் கூத்தாக்கினார். கதவில் கூரிய வெட்டுக் கத்திகளைப் பதித்தார், மாறுவேடமிட்டார், தாம் வெளிநாட்டில் இருப்பதாகக் காட்ட நண்பர்கள் மூலம் பல நாடுகளிலிருந்து அஞ்சலட்டைகள் அனுப்ப வைத்தார். படிக்கச் சிரிப்பு வருகிறது. பங்கு வாங்கியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

1975 நவம்பர் 8, அவருடைய நாற்பத்து நான்காம் பிறந்தநாள். அன்று அடியாட்கள் அவரைக் கொடூரமாகத் தாக்கினர். கூலிப் பாக்கித் தகராறில் ஒரு மின்பணி ஒப்பந்தக்காரர் ஏவிய வேலை என்று கூறப்படுகிறது. விலா எலும்புகள் முறிந்தன. ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அதன்பின் அவர் நியூயார்க்கில் தங்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ மார்ல்பரோ என்னும் சிற்றூரில் ஒரு பழைய பண்ணைக்குப் போனார். அங்கும் கலைஞர்கள் கூடி வாழும் ஓரிடம் அமைக்கத் திட்டமிட்டார். கணையப் புற்றுநோய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1978 பிப்ரவரியில் கவிஞர் பில்லி ஹட்சிங் அவர்களை மணந்தார். அந்தத் திருமண விழாவில் மணமக்கள் இருவரும் ஆடைகளை மாற்றி உடுத்திக்கொண்டார்களாம். சாவின் வாசலிலும் விளையாட்டு விடவில்லை. அவ்வாண்டு மே 9ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறந்தார். வயது நாற்பத்தாறு.

அவர் திறந்த கதவின் வழியே பிறகு யார் நுழைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓவியக்கூடங்கள் வந்தன; அவற்றைப் பின்தொடர்ந்து உணவகங்கள், ஆடைக் கடைகள், பின் பெருஞ்செல்வர்கள். சான்று பெற்ற கலைஞருக்கே இடம் என்ற விதி ஏட்டில் இருந்தது. விற்பனையில் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. கிடங்கு விலைக்கு வாங்கிய தளங்கள் கோடீசுவரர்களின் மாளிகைகளாயின. மற்றப் பகுதிகளின் கிடங்குகளில் வாடகைக்கு இருந்தோர் வெளியேற்றப்படும் நிலை வந்ததால், 1982இல் மாநில அரசு லாஃப்ட் சட்டம் கொண்டுவந்து அவர்களுக்குக் குடியிருப்புப் பாதுகாப்பு அளித்தது.

இதனோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு கட்டடம் அதே நகரில் இருக்கிறது. பெல் தொலைபேசி ஆய்வகங்கள் விட்டுச்சென்ற பெருங்கட்டடத்தை, அதே காப்லன் நிதியின் உதவியோடும் தேசியக் கலை நிதியத்தின் உதவியோடும், நிலப் பயன்பாட்டு அனுமதியை முறையாகப் பெற்று, வெஸ்ட்பெத் என்ற பெயரில் முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட கலைஞர் குடும்பங்களுக்கான வீடுகளாக 1970இல் திறந்தார்கள். அங்கே எவரும் பங்கு வாங்கவில்லை, விற்கவும் முடியாது. குறைந்த வாடகைக் குடியிருப்பு. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே கலைஞர்கள் அதே முறையில் வாழ்கிறார்கள். மச்சூனஸின் கட்டடங்களில் விலை ஏறியது. வெஸ்ட்பெத்தில் ஆட்கள் நிலைத்தார்கள். நிலத்தைக் குடியிருப்புக்குத் திறப்பது ஒரு வேலை, திறந்தபின் விலையைக் கட்டுவது வேறொரு வேலை என்பதை எனக்குக் காட்டியவை இந்த இரண்டு கட்டடங்களே. முதல் வேலைக்கு மச்சூனஸைப் போன்ற முரட்டுத் துணிச்சல் உதவியது. இரண்டாவதற்கு அவரிடம் வழி இருக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 2021 டிசம்பரில், நியூயார்க் மாநகர மன்றம் சோஹோவின் விதியை மீண்டும் திருத்தியது. கலைஞர் என்ற சான்று இல்லாதவர்களும் அங்கே குடியிருக்கலாம். புதிய அடுக்குமாடி கட்டுவோர் வீடுகளில் ஒரு பகுதியைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கியாக வேண்டும். செல்வர் பகுதியில் எளியவருக்கும் இடம் கிடைக்கும் என்று ஆதரித்தவர்களும், பழைய கட்டடங்களும் முதிய கலைஞர்களும் போய்விடுவார்கள் என்று எதிர்த்தவர்களும் கடுமையாக மோதினர். மச்சூனஸ் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிட்டோம். நான் ஆதரித்தவர்கள் பக்கம் பேசினேன். பேராசிரியர் மறுத்துப் பேசினார். மணி அடித்துவிட்டது.

நானும் நண்பர்களும் இரண்டாம் ஆண்டு விடுதிக்கு வந்துவிட்டோம். மண்டி மாடியில் இப்போது முதலாண்டு மாணவர்கள் மூவர் இருக்கிறார்கள். முகவரிச் சான்றுக்கு யாரைப் பார்ப்பது என்று சென்ற வாரம் என்னிடம் வந்து கேட்டார்கள்.